வாரண்டி முடிந்த பின் இன்ஜின் போனால்... முழுச் செலவும் நம் தலையில்தானா?

சர்வீஸ் சென்டரில் வழக்கமாக நடக்கும் ஒரு காட்சி. மேசைக்கு அந்தப் பக்கம் சர்வீஸ் அட்வைசர், இந்தப் பக்கம் கார் சொந்தக்காரர், நடுவில் ஓர் எஸ்டிமேட் தாள். கார் வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. ஓடியது 70 ஆயிரம் கிலோமீட்டர். போன வாரம் பைபாஸில் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜினிலிருந்து 'டக் டக்' என்று சத்தம். கொஞ்ச நேரத்தில் ஆயில் விளக்கு எரிந்தது, வண்டி நின்றுவிட்டது.

"இன்ஜின் போயிடுச்சு சார். மாத்தணும். ஒன்றே முக்கால் லட்சம் ஆகும்."

"அஞ்சு வருஷத்துலயா?"

"வாரண்டி முடிஞ்சிடுச்சே சார். இனிமே நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். நகையை அடகு வைத்தோ, பர்சனல் லோன் போட்டோ பணம் கட்டுகிறார்கள். வாடகைக் கார் ஓட்டுபவர் என்றால் வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானமும் போகிறது.

ஆனால், அதே மாடலில் வேறு பலருக்கும் இதே கோளாறு வந்திருந்தால்? அது கார் கம்பெனிக்கும் தெரிந்திருந்தால்? அப்போது 'வாரண்டி இருக்கிறதா' என்ற கேள்வியோடு விஷயம் முடிந்துவிடாது. 'தவறு யாருடையது' என்ற கேள்வி வருகிறது. வாரண்டி முடிந்த பிறகும் கம்பெனிகள் செலவில் பங்கு ஏற்றுக்கொண்ட உதாரணங்கள் நிறைய உண்டு. ஆனால் கேட்டவர்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது. அதிலும் ஆவணத்தோடு கேட்டவர்களுக்கு.

'தெரிந்த கோளாறு' என்றால் என்ன?

டயர், பேட்டரி, பிரேக் பேட், கிளட்ச் பிளேட் எல்லாம் தேய்வதற்கென்றே இருப்பவை. அவற்றுக்கு யாரும் கம்பெனியிடம் போய் நிற்க முடியாது. இன்ஜின் அப்படி இல்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றி ஓட்டினால் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் உழைக்க வேண்டிய பொருள் அது. பாதியிலேயே படுத்துவிட்டால், ஒன்று பராமரிப்பில் குறை இருக்க வேண்டும், இல்லையென்றால் தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருக்க வேண்டும்.

இரண்டாவது வகைதான் என்று சொல்ல சில தடயங்கள் உதவும்.

முதலாவது, ரீகால். பாதுகாப்புக் குறை என்று கம்பெனியே அறிவித்து, குறிப்பிட்ட தேதிகளுக்குள் தயாரான கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்வது. 2011-ல் மாருதி சுஸூகி 13,157 டீசல் கார்களைத் திரும்ப அழைத்தது. கனெக்டிங் ராடு போல்ட்டில் குறை இருக்கலாம் என்பதுதான் காரணம். உங்கள் கார் ரீகால் பட்டியலில் இருக்கிறதா என்பதை, ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, சர்வீஸ் புல்லட்டின். 'இந்த மாடலில் இந்தப் புகார் வந்தால் இதைப் பாருங்கள், இந்தப் பாகத்தை மாற்றுங்கள்' என்று கம்பெனி டீலர்களுக்கு அனுப்பும் தொழில்நுட்பக் குறிப்பு இது. பொதுவாக வாடிக்கையாளர் கைக்கு வராது. ஆனால் "இதுக்கு சர்வீஸ் புல்லட்டின் ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்பதில் தவறில்லை.

மூன்றாவது, பார்ட் நம்பர். பழைய பாகத்தின் எண்ணும் இப்போது வரும் புதிய பாகத்தின் எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால், இடையில் கம்பெனி அந்தப் பாகத்தை மாற்றி வடிவமைத்திருக்கலாம். இது மட்டுமே நிரூபணம் ஆகாது. ஆனால் 'ஏன் மாற்றினீர்கள்' என்று கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

நான்காவது, அதே இன்ஜினுக்கு வேறு நாட்டில் வாரண்டி நீட்டிக்கப்பட்டிருப்பது.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

தெரிந்த கோளாறு ஒன்று எப்படிக் கம்பெனியின் செலவாக மாறும் என்பதற்கு ஹூண்டாய், கியா கார்களின் 'தீட்டா 2' இன்ஜின் கதை நல்ல உதாரணம். இது அமெரிக்காவில் விற்ற கார்களின் கதை. அங்கே கிடைத்த சலுகைகள் இந்தியாவில் ஓடும் கார்களுக்குப் பொருந்தாது. ஆனால் பாடம் பொருந்தும்.

2015 செப்டம்பரில் அமெரிக்காவில் சுமார் 4.7 லட்சம் சொனாட்டா கார்களை ஹூண்டாய் திரும்ப அழைத்தது. 2011, 2012 மாடல்கள். அலபாமா தொழிற்சாலையில் கிராங்க்ஷாஃப்டைக் கடைந்தபோது விழுந்த உலோகத் துகள்கள் முழுவதும் சுத்தம் செய்யப்படாமல் ஆயில் செல்லும் துளைகளில் தங்கியிருக்கலாம் என்பது கம்பெனி சொன்ன காரணம். துகள் அடைத்தால் கனெக்டிங் ராடு பேரிங்குக்கு ஆயில் போகாது. பேரிங் தேயும், சத்தம் வரும். அப்படியே ஓட்டினால் இன்ஜின் இறுகி நடுரோட்டில் நின்றுவிடும்.

அதே சமயத்தில், அந்தக் கார்களின் இன்ஜின் அடிப்பகுதிக்கு 10 வருடம் அல்லது 1,20,000 மைல் வரை வாரண்டி நீட்டிக்கப்பட்டது. மைல் கணக்கைக் கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 1.93 லட்சம். முதல் சொந்தக்காரருக்கு மட்டுமல்ல, செகண்ட் ஹேண்டில் வாங்கியவருக்கும் அது பொருந்தியது.

விஷயம் அதோடு முடியவில்லை. ஹூண்டாயில் பொறியாளராக இருந்த கிம் குவாங்-ஹோ, குறையின் அளவைக் கம்பெனி முழுமையாக வெளியே சொல்லவில்லை என்று 2016-ல் அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பிடம் தகவல் கொடுத்தார். 2017-ல் மேலும் சுமார் 12 லட்சம் ஹூண்டாய், கியா கார்கள் அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்பட்டன. ரீகாலைத் தாமதமாகச் செய்ததாகச் சொல்லப்பட்ட விவகாரத்தில், 2020 நவம்பரில் இரு கம்பெனிகளுக்கும் சேர்த்து 21 கோடி டாலர் அபராத உடன்பாடு ஏற்பட்டது. அதில் ஒரு பகுதி பாதுகாப்புப் பணிகளுக்கான முதலீடு, ஒரு பகுதி நிபந்தனையோடு தள்ளிவைக்கப்பட்ட தொகை. தகவல் கொடுத்த கிம்முக்கு 2021-ல் 2.4 கோடி டாலருக்கும் மேல் வெகுமதி கிடைத்தது.

கார் சொந்தக்காரர்களுக்கு என்ன கிடைத்தது? அவர்கள் சேர்ந்து தொடுத்த வழக்குகளில் 2019 அக்டோபரில் ஒரு சமரசம் அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் சுமார் 40 லட்சம் கார்களுக்கு, இந்தப் பேரிங் கோளாறுக்கு மட்டும் ஆயுள்கால வாரண்டி. ஏற்கெனவே கைக்காசு போட்டு இன்ஜினைச் சரிசெய்தவர்களுக்கும் பணம் திரும்பக் கிடைக்க வழி செய்யப்பட்டது. டோயிங் செலவுக்கும் வாடகைக் கார் செலவுக்கும் கூட இடம் இருந்தது.

ஆனால் நிபந்தனைகளும் இருந்தன. இன்ஜின் அதிர்வை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் மென்பொருளைக் காரில் ஏற்றியிருக்க வேண்டும். பராமரிப்பை அடியோடு கைவிட்டவர்களுக்குச் சலுகை இல்லை. செலவைத் திரும்பப் பெற பில் வேண்டும். 'இது என் தலைவிதி' என்று பில்லைக் கிழித்துப் போட்டிருந்தால், தன் பங்கைக் கேட்க ஆதாரம் தேடி அலைய வேண்டியதுதான்.

ஐரோப்பாவிலும் இதே கதைதான்

பெஜோ, சிட்ரோயன் கார்களில் வந்த 1.2 லிட்டர் 'ப்யூர்டெக்' பெட்ரோல் இன்ஜினில் டைமிங் பெல்ட், இன்ஜின் ஆயிலில் நனைந்தபடியே சுழலும். சில கார்களில் அந்த பெல்ட் ஆயிலில் ஊறி உரிய காலத்துக்கு முன்பே சிதைந்தது. அதன் துணுக்குகள் ஆயில் வடிகட்டியை அடைத்தன. ஆயில் அழுத்தம் குறைந்து இன்ஜினே பாதிக்கப்பட்டது.

புகார்கள் குவிந்த பிறகு, தாய்க் கம்பெனியான ஸ்டெல்லாண்டிஸ் 2024-ல் ஐரோப்பாவில் இந்தக் கோளாறுக்கு 10 வருடம் அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை பாதுகாப்பு அறிவித்தது. 2022 தொடக்கத்திலிருந்து 2024 மார்ச் வரை சொந்தப் பணத்தில் ரிப்பேர் செய்தவர்கள் இழப்பீடு கேட்க, 2025 ஜனவரியில் ஓர் இணையதளமும் திறந்தது. இங்கேயும் முக்கிய நிபந்தனை அதேதான்: கம்பெனி சொன்ன அட்டவணைப்படி சர்வீஸ் செய்திருப்பதைக் காட்ட வேண்டும்.

இந்தியாவில் என்ன வழி?

இங்கே மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதல் கதவு ரீகால். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்க்கப்பட்ட 110ஏ பிரிவு, குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. தயாரித்து ஏழு வருடத்துக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இவை பொருந்தும். ஆனால் குறை சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுபவருக்கோ, பயணிகளுக்கோ, சாலையில் போகும் மற்றவர்களுக்கோ தீங்கு செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். ஓடும்போது இன்ஜின் அணைந்துவிடுகிறது என்றால் அது பாதுகாப்புப் பிரச்சினை. ஆயில் கொஞ்சம் அதிகம் குடிக்கிறது என்றால் ரீகால் வரை போவது கடினம்.

இரண்டாவது கதவு, கம்பெனியின் 'குட்வில்'. வாரண்டி முடிந்திருந்தாலும் வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ள, செலவில் ஒரு பங்கைக் கம்பெனி தானே ஏற்றுக்கொள்வது. இது சட்ட உரிமை இல்லை, கம்பெனியின் விருப்பம். அதனால்தான் இதை விளம்பரம் செய்ய மாட்டார்கள்.

மூன்றாவது கதவு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. பொருளின் தரத்தில் இருக்கும் எந்தக் குறையும் இதன்படி 'குறைபாடு'தான்.

குட்வில்லை யாரிடம் கேட்பது?

"டீலர்கிட்ட சண்டை போட்டும் ஒண்ணும் நடக்கல" என்று பலர் சொல்வதுண்டு. டீலர் வேறு, தயாரிப்பாளர் வேறு. டீலர் விற்பவர், சர்வீஸ் செய்பவர். குட்வில் பணம் கம்பெனியின் கஜானாவிலிருந்து வர வேண்டியது. சர்வீஸ் அட்வைசருக்கு அதை அனுமதிக்கும் அதிகாரம் கிடையாது. அவரிடம் குரலை உயர்த்தி லாபமில்லை.

அதற்காக டீலரைப் பகைத்துக்கொள்ளவும் கூடாது. கம்பெனிக்குப் போகும் கோப்பை எழுதப்போவது அவர்கள்தான். சர்வீஸ் மேனேஜரைப் பார்த்து, "கம்பெனியோட ஏரியா சர்வீஸ் மேனேஜருக்கு குட்வில் கேட்டு அனுப்புங்க" என்று சொல்ல வேண்டும். அதே நாளில் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் தனியாக மின்னஞ்சல் அனுப்பி, புகார் எண் வாங்கிவிட வேண்டும். இரண்டு பக்கமும் பதிவாகியிருந்தால், 'எங்களுக்குத் தெரியவே தெரியாது' என்று பின்னால் யாரும் சொல்ல முடியாது.

முடிவெடுப்பவர்கள் பொதுவாகப் பார்ப்பது சில விஷயங்களைத்தான். காரின் வயது, ஓடிய தூரம், வாரண்டி முடிந்து எவ்வளவு காலமாகிறது, சர்வீஸ் எங்கே, எப்போது நடந்தது, இந்தக் கோளாறு வேறு கார்களிலும் வந்திருக்கிறதா. வாரண்டி முடிந்து மூன்று மாதமான காருக்கும் மூன்று வருடமான காருக்கும் ஒரே பதில் வராது.

கோப்பில் என்னென்ன இருக்க வேண்டும்?

* காரின் இன்வாய்ஸ், ஆர்.சி. நகல், வாரண்டி புத்தகம்.
* முதல் சர்வீஸிலிருந்து கடைசி வரை எல்லா பில்களும். தொலைந்திருந்தால், சேஸிஸ் எண்ணை வைத்து டீலரிடம் சர்வீஸ் வரலாற்றை அச்செடுத்து வாங்கலாம். வெளி மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றியிருந்தால் ஆயில், ஃபில்டர் வாங்கிய பில்.
* இதற்கு முன்பு சத்தம், ஆயில் குறைவு பற்றிச் சொன்னபோது எழுதிய ஜாப் கார்டுகள். வாரண்டி காலத்திலேயே புகார் சொல்லியிருந்தால் அதுதான் மிகப் பெரிய ஆயுதம். அதனால்தான் சின்னப் புகாரையும் வாயால் சொல்லிவிட்டு வராமல் ஜாப் கார்டில் எழுத வைக்க வேண்டும்.
* இப்போதைய பரிசோதனை அறிக்கை. ஸ்கேனரில் வந்த கோளாறுக் குறியீடுகள், ஆயில் அழுத்தம், கம்ப்ரஷன் அளவு. "இன்ஜின் போயிடுச்சு" என்ற ஒற்றை வரி போதாது. எந்தப் பாகம், எதனால் என்று எழுத்தில் வேண்டும்.
* பார்ட்ஸ் தனியாக, லேபர் தனியாகப் பிரித்த எஸ்டிமேட்.
* போட்டோ, வீடியோ. சத்தத்தைப் பதிவு செய்வது, எரியும் விளக்கை ஓடோமீட்டரோடு சேர்த்துப் படம் எடுப்பது.

இன்னொன்றும் முக்கியம். காரணத்தைக் கண்டுபிடிக்க இன்ஜினைப் பிரிக்க வேண்டியிருக்கலாம். கம்பெனிக்குத் தகவல் கொடுத்த பிறகு, முடிந்தால் உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்கள் உங்களுக்கு வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதிவிடுங்கள். பழைய பேரிங்கும் பெல்ட்டும் காயலான் கடைக்குப் போய்விட்டால் சாட்சியும் போய்விட்டது. பதில் வரும் வரை வண்டியை அங்கே நிறுத்திவைக்கக் கட்டணம் உண்டா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சலில் என்ன எழுதுவது?

கோபம் வேண்டாம், ஒரு பக்கத்துக்கு மேலும் வேண்டாம். இப்படி இருக்கலாம்:

"என் கார் இந்த மாடல், இந்தச் சேஸிஸ் எண். இந்தத் தேதியில் வாங்கியது, இன்று வரை இவ்வளவு கிலோமீட்டர் ஓடியுள்ளது. எல்லா சர்வீஸும் அட்டவணைப்படி நடந்துள்ளன, பில்கள் இணைப்பில். இந்தத் தேதியில் இந்தக் கோளாறு ஏற்பட்டது. இன்ன பாகம் பழுதானதே காரணம் என்று உங்கள் டீலரின் அறிக்கை கூறுகிறது. இது சாதாரணத் தேய்மானம் அல்ல. இதே பாகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே ரீகால் அல்லது வாரண்டி நீட்டிப்பு அறிவித்துள்ளீர்கள். எனவே பார்ட்ஸ் செலவு முழுவதையும், லேபரில் ஒரு பங்கையும் ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவும்."

ரீகாலோ நீட்டிப்போ இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். இல்லாததைச் சொன்னால் மற்ற எல்லாவற்றின் மதிப்பும் போய்விடும். 'ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்' என்பதைவிட, எவ்வளவு வேண்டும் என்று தெளிவாகக் கேட்பதுதான் வேலைக்காகும்.

பாதி தருகிறேன் என்றால் ஏற்கலாமா?

முதல் பதில் 'முடியாது' என்று வருவது சகஜம். அதற்குக் காரணத்தை எழுத்தில் கேட்டு, ஒரு படி மேலே அனுப்பலாம். இரண்டாவது பதில் ஏதாவது ஒரு சதவீதமாக இருக்கும்.

கணக்கை ஓர் உதாரணமாகப் பார்ப்போம். எஸ்டிமேட் 1,75,000 ரூபாய். அதில் பார்ட்ஸ் 1,40,000, லேபர் 35,000. கம்பெனி பார்ட்ஸில் 70 சதவீதம் தருகிறது என்றால் 98,000 ரூபாய். உங்கள் கையிலிருந்து 77,000. '70 சதவீதம்' என்று கேட்கும்போது இருக்கும் மகிழ்ச்சி, மொத்த பில்லைப் பார்த்தால் 56 சதவீதமாகச் சுருங்கிவிடும். சதவீதம் எதன் மீது, ஜி.எஸ்.டி. யார் தலையில், புதிய இன்ஜினுக்கு எத்தனை மாத வாரண்டி என்பதைக் கேட்ட பிறகே பேச்சை முடிக்க வேண்டும்.

கையெழுத்துக் கேட்கும் தாளில் 'முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்' என்று இருந்தால், பிறகு மீதிப் பணத்துக்கு வழக்குப் போடுவது கடினமாகும். வழக்கு இழுக்கும் காலத்தையும் வண்டி நிற்கும் நஷ்டத்தையும் எண்ணிப் பார்த்தால், நியாயமான பங்கு கிடைக்கும்போது வாங்கிக்கொள்வது பலருக்கு லாபமாகவே இருக்கும்.

ஒன்றுமே தர மாட்டேன் என்றால்?

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. வழக்குக்கு முந்தைய கட்டம் இது. உங்கள் புகார் கம்பெனிக்கு அனுப்பப்பட்டு பதில் பெறப்படும். கட்டாயப்படுத்தும் அதிகாரம் இதற்கு இல்லை.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் இங்கேயே வழக்குப் போடலாம். கட்டணம், விலை 5 லட்சம் வரை இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400 ரூபாய். 50 லட்சம் வரை 1,000 ரூபாய். கார் வாங்கிய ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே போடலாம். 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தொழிலுக்காக வாங்கிய வாகனங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றாலும், பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஒரு டாக்ஸி வாங்கியவர் நுகர்வோர்தான். சட்டத்தில் உள்ள 'தயாரிப்புப் பொறுப்பு' பகுதி, குறையுள்ள பொருளால் ஆளுக்கோ வேறு சொத்துக்கோ ஏற்பட்ட சேதத்துக்கானது. பழுதான இன்ஜினின் செலவையே கேட்க வேண்டும் என்றால் 'குறைபாடு' என்ற அடிப்படையில்தான் புகார் எழுத வேண்டும்.

குறையை நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் நம் மேல்தான். நிபுணர் அறிக்கை இல்லாமல் 'மேனுஃபேக்சரிங் டிஃபெக்ட்' என்று சொல்லிக்கொண்டு போய்த் தோற்றவர்கள் நிறைய. பரிசோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்தையே கேட்க 38-வது பிரிவில் வழி இருக்கிறது. 'புதுக் கார் கொடுங்கள்' என்று கேட்பதற்கு முன்பும் யோசிக்க வேண்டும். மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டி நிபந்தனை பாகத்தை மாற்றித் தருவதைத்தான் சொல்கிறது, முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்றது. போன பாகத்தின் செலவையும் அதனால் வந்த நஷ்டத்தையும் கேட்பதே உறுதியான வழி.

எங்கே வேலைக்காகாது?

இரண்டு சர்வீஸைத் தவறவிட்டிருந்தால், ஆயில் விளக்கு எரிந்த பிறகும் வண்டியை நிறுத்தாமல் ஓட்டியிருந்தால், இன்ஜின் சக்தியைக் கூட்ட வெளியே ட்யூனிங் செய்திருந்தால், வெள்ளத்தில் ஓட்டித் தண்ணீர் புகுந்திருந்தால் கம்பெனி எளிதில் கையை விரித்துவிடும். சாதாரண மோட்டார் இன்சூரன்ஸும் இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது. எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியிருந்தால், வேறு யாரிடமும் போவதற்கு முன் அந்தத் தாளைத்தான் முதலில் எடுத்துப் படிக்க வேண்டும்.

இதில் எதுவும் இல்லாமல், ஒழுங்காகப் பராமரித்த காரின் இன்ஜின் பாதியில் போயிருந்தால், எஸ்டிமேட் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அட்வைசரிடம் மூன்றே வரி சொன்னால் போதும்: "கம்பெனிக்கு குட்வில் கேட்டு அனுப்புங்க. பதில எழுத்துல குடுங்க. அதுவரைக்கும் வேலைய ஆரம்பிக்க வேண்டாம்."